மீன்களின் அஜலும் நமது பொறுப்பும்

"வாப்பா, எல்லா மீனுக்கும் ஒரே கிழமையிலயா அஜல்?"

என் இளைய மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. கையில் தேயிலை வடி. அதற்குள் ஐந்தாவது தங்கமீன். முதல் மீன் செத்து மிதந்த அன்று, "அதுட அஜல் முடிஞ்சிட்டு மகள், அழக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நான் கொடுத்த சொல்லையே அவள் எனக்குத் திருப்பித் தந்தாள்.

மரணம் அதன் தவணையில்தான் வருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், என் கைப்பிழையால் நேர்ந்த ஒன்றின் மீது அந்த நம்பிக்கையைப் போர்வையாக விரிக்கலாமா? அன்று முதல் என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுவே.

நடந்ததைச் சொல்கிறேன். பட்டணத்தில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றையும் ஐந்து தங்கமீன்களையும் வாங்கி வந்தேன். அன்றைக்கே குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டோம். பிள்ளைகள் நாளுக்கு மூன்று வேளை தீன் போட்டார்கள். நான்காம் நாள் தண்ணீர் கலங்கிற்று. நான் முழுத் தண்ணீரையும் இறைத்தேன். சரளைக்கற்களை அலசினேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயின் கீழ் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். இவ்வளவையும் அன்பினால்தான் செய்தேன். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.

காரணம் எளியது. மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அமோனியாவாக வெளிவிடுகிறது. எஞ்சிய தீன் அழுகினாலும் அமோனியாதான். ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் சேர்ந்து மீனுக்கே நஞ்சாகும். சில பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு சில அதனைத் தீமை குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இவை பஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருகச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். புதிய தொட்டியில் அவை அநேகமாக இல்லை. வந்து சேர்ந்த சிலவற்றையும் குளோரின் கலந்த தண்ணீரால் நானே கழுவி விட்டேன். அழுக்கு என்று நான் நினைத்ததுதான் மீனின் உயிருக்குக் காவலாக இருந்தது.

இதிலே வெட்கத்துக்குரிய ஒன்று உண்டு. நைதரசன் வட்டத்தை மேல் வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பித்தவன் நான். அந்த வட்டம் என் வீட்டு மூலையில் அறுந்து கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. "தெரியாமல் செய்தேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறிய வழியில்லாத அறியாமை வேறு, கேட்க மனமில்லாத அறியாமை வேறு. முன்னதற்கு மன்னிப்புண்டு. நான் கடையில் விலையைக் கேட்டேன், நிறத்தைப் பார்த்தேன். தங்கமீன் ஒரு சாணுக்கு மேலும் வளரும், பத்தாண்டுக்கு மேலும் வாழும், கழிவும் அதிகம், ஆகவே அந்தத் தொட்டி ஐந்துக்குப் போதாது என்பவற்றை நான் கேட்கவேயில்லை.

பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாமறிவோம். அவள் தீனும் கொடுக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. வளர்த்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை, வழியை அடைத்ததுதான் குற்றம். ஆற்று மீனுக்குத் தண்ணீர் கெட்டால் அப்பால் நீந்திப் போகலாம். தொட்டி மீனுக்கு அப்பால் என்று ஒன்றில்லை. தண்ணீர், தீன், ஒட்சிசன், நிழல் யாவும் நம் கையில் வந்துவிடுகின்றன. அமானிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "மத்தியானம் சூரைமீன் ஆணத்தோட சோறு தின்றுபோட்டு, தொட்டி மீனுக்கு அழுறீங்களே சேர்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் கடல் மீன் தன் வாழ்வைத் தன் கடலில் வாழ்ந்தது. அதனை நான் பொறுப்பேற்றிருக்கவில்லை. தொட்டி மீனையோ பொறுப்பேற்று வீட்டுக்கு அழைத்து வந்தேன். பிழை மீன் செத்ததில் அல்ல, ஏற்ற பொறுப்பைப் பாராமல் விட்டதில்.

"அப்படியென்றால் ஆற்றில் விட்டுவிடலாமே" என்றார் அவர். அதுவும் இயலாது. அலங்காரத்துக்கென்று கொண்டுவரப்பட்ட நைஃப் மீனும், தொட்டியின் பாசியைத் தின்ன வாங்கும் டாங்க் கிளீனரும் நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி, இங்குள்ள மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டன. ஒருமுறை ஏற்ற பொறுப்பைத் தண்ணீரில் எறிந்து தீர்க்க முடியாது.

அழகின் மீதுள்ள ஆசையே அழகை அழித்த கதை புதிதல்ல. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி கொஸ் என்ற இயற்கையியலாளர் 1854இல் 'அக்குவேரியம்' என்ற நூலை வெளியிட்டார். அவருடைய நூல்களைப் படித்தவர்கள் கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று பாறைக்குழிகளின் உயிர்களை அள்ளினார்கள். கரை வெறுமையானதையும் தந்தை அதற்காக வருந்தியதையும் அவர் மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளிவந்த 'தந்தையும் மகனும்' நூலில் எழுதியிருக்கிறார். இத்தாலியின் மொன்சா நகரசபை 2004இல் வட்டக் கண்ணாடிக் குடுவையில் தங்கமீன் வளர்ப்பதைத் தடைசெய்தபோது பலரும் நகைத்தார்கள். மீன் எப்படிக் காண்கிறது என்று ஒரு சபை கூடி யோசித்ததே என எனக்கு வியப்பாக இருந்தது.

நாங்கள் மறுபடியும் தொடங்கினோம். நேர்வெயில் படாத சுவரோரம் தொட்டியை வைத்தோம். குழாய்த் தண்ணீரை வாளிகளில் ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் போன பின் ஊற்றினோம். வடிகட்டியை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டிக்கு நாளுக்கொரு சிட்டிகை தீன் போட்டோம். அது அழுகி வரும் அமோனியாதான் பற்றீரியாவுக்கு உணவு. ஆறு கிழமைகள் வெறுந்தொட்டியைப் பார்த்திருந்தோம். வந்தவர்களெல்லாம் "எங்க மீன்?" என்று கேட்டார்கள். மகள் பொறுமையாக விளக்கினாள்.

பின்பு நான்கு கப்பி மீன்கள் வந்தன. நான்கும் ஆண்களே; பெண் சேர்ந்தால் குஞ்சுகளுக்கு இடம் தேட வேண்டிவரும். எங்கள் காலநிலைக்கு அவற்றுக்குச் சூடாக்கி தேவையில்லை. நாளுக்கொரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீன். கிழமைக்கொரு தடவை நாலிலொரு பங்கு தண்ணீரை மாற்றுவோம். பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே மெல்ல அலசுவோம்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு கப்பி செத்தது. அதன் இனத்துக்கு அது குறைந்த வயதல்ல. மகள் தொட்டியடியில் நின்று வெகுநேரம் பார்த்தாள். தண்ணீர் மாற்றிய நாளைக் குறித்திருந்த கொப்பியைப் புரட்டினாள். பிறகு என்னிடம், "இது அஜல்தான் வாப்பா" என்றாள்.

ஓம் என்றேன். முதல் தடவை அந்தச் சொல்லை நான் சொன்னபோது எந்தக் கொப்பியையும் பார்த்திருக்கவில்லை.