கயிறு பிடித்தவரின் கடன்

செத்தவர் பேரில் காசு வாங்கலாமா? கல்நார்த் தூசியால் ஒருவர் இறந்த வீட்டில் இந்தக் கேள்வி மற்றத் துக்க வீடுகளைவிடக் கூர்மையாக எழுகிறது. விபத்து என்றால் அன்றே ஊர் கூடும். கம்பெனிக்காரரும் வந்து நிற்பார். கல்நார் அப்படிக் கொல்வதில்லை. கொதிகலனிலும் நீராவிக் குழாயிலும் சுற்றிய கயிற்றிலிருந்தோ, அறுத்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டிலிருந்தோ மூச்சோடு உள்ளே போன இழை, பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டு கழித்தே புற்றுநோயாக வெளிப்படும். அதற்குள் மேஸ்திரி மாறியிருப்பார், ஒப்பந்தக்காரர் கடையை மூடியிருப்பார், தொழிலாளி பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருப்பார். கப்பலும் கிட்டங்கியும் அனல்மின் நிலையமும் உள்ள தூத்துக்குடிக்கு இது அந்நியமான கேள்வியல்ல.

உயிருக்கு விலை பேசுவதா என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். சோறு போட்ட கம்பெனி மேல் கேஸ் போடுவதா என்றும் கேட்பார்கள். உப்பிட்டவரை மறவாதிருப்பது இந்த உப்பள மண்ணில் பெரிய குணம்தான். ஆனால் கூலி, செய்த வேலைக்குக் கொடுத்தது. நுரையீரலுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. கல்நார்த் தூசியைக் கட்டுப்படுத்த பிரிட்டன் 1931-லேயே விதிகள் கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பின்னும் முகக்கவசம்கூடத் தராமல் வேலை வாங்கியவர்கள், கேடு தெரியாது என்று சொல்ல முடியாது.

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். கடலடியில் குளிப்பவரின் கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இன்றும் சொல்வதுண்டு. கூடப்பிறந்தவளின் தாலி அவன் பிடியில் இருக்கிறதே என்பதால். ஒருவரை ஆபத்துக்குள் இறக்குகிறவர் அவருடைய மூச்சுக்குப் பொறுப்பு என்ற நியாயம் அதில் இருக்கிறது. இழப்பீடு என்பது அந்தப் பொறுப்பில் தவறியவர் பட்ட கடன். கடனைக் கேட்கிறவர் எதையும் விற்கவில்லை.

“அவர் பீடி குடித்தாரே” என்ற பதிலும் வரும். நேர்மையான குடும்பத்தை இதுதான் அதிகம் தயங்கவைக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் பீடிக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் கல்நாரும் புகையும் சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது, ஒன்று மற்றதைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்கோ புகை காரணமே அல்ல. அதன் முதன்மைக் காரணம் கல்நார்தான்.

சட்டம் இதையெல்லாம் ஓரளவு எண்ணிப்பார்த்திருக்கிறது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று, தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை மருத்துவப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்றது; நோய் உறுதியானவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. ஒப்பந்தக் கூலிக்கு அந்தப் பதிவேட்டில் பெயரே ஏறாது என்பதுதான் கொடுமை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இன்னொன்றும் சொன்னது: இறந்தவருக்கான தொகையை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், வீட்டில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. துக்க வீட்டுத் திண்ணையில் பேரம் நடக்கக் கூடாது என்று அன்றே நினைத்திருக்கிறார்கள்.

பணத்தை ஏற்பது ஒன்று, வாயை மூட ஏற்பது வேறு. இத்தாலியின் கசாலே மொன்பெராட்டோவில் எட்டர்னிட் ஆலையின் கல்நார் ஊரையே அரித்தது. ஆலை உரிமையாளர்கள் மீதான வழக்கிலிருந்து விலகினால் நகராட்சிக்கு 1.8 கோடி யூரோ என்று 2011-இல் ஆசை காட்டப்பட்டது; மக்கள் எதிர்ப்பால் நகராட்சி அதை மறுத்தது. பின்னர் கிடைத்த தண்டனைத் தீர்ப்பும் 2014-இல் காலாவதிக் காரணத்தால் ரத்தானது. ஆனாலும் அந்த மறுப்பு சரி. ஒரு நகராட்சி அப்படி மறுக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் கைம்பெண்ணிடம் அதே வீரத்தை எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோது அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதை வாங்கியதால் சுட்டவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை போய்விடவில்லை. அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையமும் கூடுதல் இழப்பீட்டையும் காவல்துறையினர் மீது நடவடிக்கையையும் சேர்த்தே பரிந்துரைத்தது.

பல நாடுகள் தடைசெய்த வெள்ளைக் கல்நாரை இந்தியா இன்னும் இறக்குமதி செய்கிறது. நாளைய நோயாளிகள் இன்று வேலையில் இருக்கிறார்கள். ஆகவே வீட்டில் அப்படி வேலை பார்த்தவர் இருந்தால் கேட் பாஸ், ஈஎஸ்ஐ அட்டை, பிஎஃப் சீட்டு எதையும் எறிந்துவிடாதீர்கள். எங்கே, எத்தனை ஆண்டு, என்ன வேலை பார்த்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.