துவட்டுவதற்கு முன்னால்

எங்கள் வீட்டு ஷவரைத் திருகினால் சிறுவாணி கொட்டுகிறது. கேரள மலையில் தேங்கும் தண்ணீர். 1973-ல் இரண்டு மாநிலங்கள் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் போட்டதால் கோவைக்கு வருகிறது.

அதில் குளிக்கிற நான், கிணற்று முறைத் தண்ணீர் தகராறில் அண்ணனோடு பேசி மூன்று வருஷம்!

குளியலறையில் செல்போன் இல்லை, சட்டை இல்லை, பொய் சொல்ல எதிரே ஆளும் இல்லை. காமர்ஸ் படித்தவனுக்கு அங்கேதான் கணக்கு நேராகிறது. 'தப்பு உன் பேர்லதான்டா' என்று எத்தனையோ காலை தெரிந்திருக்கிறது. துவட்டியதும் அதுவும் காய்ந்துவிடும். சட்டை மாட்டும்போதே, 'முதல்ல கத்தினது அவருதானே?' என்று மனசு மாறிவிடும்.

குளிக்கும்போது ஆர்க்கிமிடீஸுக்கு யோசனை வந்த கதை தெரியும்தானே? யோசனை எல்லோருக்கும்தான் வருகிறது சார். அவர் துவட்டிக்கொள்ளாமல் ஓடினார் பாருங்கள், விஷயம் அங்கே இருக்கிறது.

போன ஞாயிறு தலையில் நீர் சொட்டச் சொட்ட போன் போட்டேன்.

"அண்ணா, நானுங்க..."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சொல்லு கண்ணு" என்றார்.

நாளைக்குக் குளிக்கும்போது உங்களுக்கும் ஒரு பேர் ஞாபகம் வரலாம். துவட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டுவிடுங்கள்.