ஆறாம் மேசைக்காரர்

சிரம்பானில் ஓர் உணவகத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஃபிளமெங்கோ கிதார் வாசிக்கிறேன். அண்மையில் ஓர் இரவு, ரும்பா வகை உருப்படிகளுக்கு நடுவே சொலேயா வகையில் ஒன்று வாசித்து முடித்ததும் மேலாளர் தம்பி அருகில் வந்தார். "அண்ணே, வாசிப்பு நல்லாருக்கு. அந்தத் தட்டு மட்டும் வேணாமே. ஆறாம் மேசைக்காரரு, யாரோ கதவத் தட்டுறாங்கன்னு ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டாரு."

அவர் சொன்னது கோல்பேயை. தந்தியை மீட்டும்போதே மோதிர விரல் கிதாரின் மேற்பலகையில் விழுந்து எழும். அந்த அடியைத் தாங்குவதற்கென்றே பலகைமேல் மெல்லிய தகடு ஒட்டியிருப்பார்கள். பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்றான சொலேயாவில் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். அந்தச் சுற்றுக்கு உடம்பு கொடுப்பது தட்டுதான். மீதி இரவு தட்டாமல் வாசித்தேன். வித்தியாசம் தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

என்னை உறுத்துவது தடை அல்ல, ஆறாம் மேசைக்காரர் திரும்பிப் பார்த்ததுதான். அத்தனை பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில், என் விரல் பலகையில் பட்டதைக் கேட்ட ஒரே மனிதர் அவர். தொந்தரவு பட்டவர் என்று மேலாளர் அவரைக் காட்டினார். எனக்கோ அன்றைய ஒரே ரசிகர் அவர்தானோ என்று தோன்றுகிறது.

கோலா பிலா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாராவது இறந்தால் காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தப்பு மேளத்தைக் காய்ச்சுவார்கள். தோல் முறுகி முதல் அடி விழுந்ததும் அம்மா சோற்றுப் பானையை மூடிவிடுவார். பிணம் எடுக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். அப்படிப் பார்த்தால் ஆறாம் மேசைக்காரர் செய்ததில் பிழை என்ன? சோற்றுக் கையை நிறுத்தவைக்கும் ஓசை ஒன்று உண்டு என்பதை நானே அறிவேன். தப்படித்தவர்களைப் பற்றி இன்னொன்றும் நினைவிருக்கிறது. திருவிழாவில் அவர்கள் அடியில்லாமல் சாமி புறப்படாது. ஆனால் பந்தியில் அவர்களுக்குக் கடைசி வரிசை. ஓசை வேண்டும், ஆள் தள்ளி நிற்க வேண்டும். ஃபிளமெங்கோவை வளர்த்த, ஹித்தானோ எனப்படும் ஸ்பெயின் ரோமா மக்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. அவர்களுடைய முன்னோர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். ஸ்பெயின் அவர்களை நூற்றாண்டுகளாக ஒடுக்கியது. அவர்கள் கலையை யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது 2010இல்.

எப்போதோ படித்தது ஒன்று இதனோடு சேர்ந்து குழப்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செவில்யா போன்ற நகரங்களின் பாட்டுக் கஃபேக்களில், மதுக்கோப்பைகளுக்கு நடுவேதான் இந்தக் கலை தொழிலானது. அதனால் பழைய பாட்டு கெட்டுவிட்டது என்று இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் நண்பர்களும் வருந்தி, 1922 ஜூனில் கிரனடாவின் அல்ஹம்பிராவில் ஒரு போட்டி நடத்தினார்கள். தொழில்முறைப் பாடகர்களுக்கு அதில் இடமில்லை. படித்தபோது நான் முழுக்க ஃபாயா பக்கம். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. கிதார் வாசிப்பு வளர்ந்ததும் அதே கஃபேக்களில்தானே! பேச்சுச் சத்தத்தையும் கோப்பைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கவேண்டியிருந்தவனுக்கு விரல் வன்மை கூடித்தான் ஆகவேண்டும். அப்படியானால் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே வாசிப்பது கலைக்குக் கேடு என்று எப்படிச் சொல்வேன்? மேலாளர் சொன்னபடி தட்டை நிறுத்துவது மட்டும் சரியா?

உணவகக்காரர் சம்பளம் தருகிறார். விருந்தாளி நிம்மதியாகச் சாப்பிட வந்திருக்கிறார். இரண்டும் நியாயம். தட்டு இல்லாத சொலேயா சொலேயா ஆகாது என்பதும் நியாயம். மூன்றையும் ஒரே மேடையில் நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. இப்போதைக்கு அங்கே ரும்பா மட்டும், தட்டாமல் வாசிக்கிறேன். சொலேயா வீட்டில்.

கல்யாண மண்டபங்களில், பந்திப் பேச்சுக்கு நடுவே தவில் வாசிக்கும் அண்ணன்மார் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லுங்கள். "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று வந்து நிற்கிறவரிடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?