மறைக்க என்ன இருக்கிறது?

தகவல் பாதுகாப்புப் பாடத்தை எந்தக் கல்லூரியில் தொடங்கினாலும் முதல் வகுப்பில் மூன்று சொற்கள் பலகையில் ஏறும்: இரகசியத்தன்மை, மாறாத்தன்மை, கிடைக்கும்தன்மை. தகவலை உரியவர் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. அனுமதியின்றி யாரும் மாற்றக் கூடாது. தேவைப்படும்போது அது உரியவருக்குக் கிடைக்க வேண்டும். அடுத்து, இவற்றைக் குலைக்க வரும் எதிரியைப் பற்றிப் பேசுவோம். பாடநூலில் அந்த எதிரி பெரும்பாலும் வெளியாள். வங்கிக் கணினிக்குள் நுழையும் முகம் தெரியாத திருடன், அல்லது வேற்று நாட்டு உளவாளி.

1978இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் ஆகிய மூவர் தங்கள் மறையாக்க முறையை விளக்கியபோது, செய்தி பரிமாறும் இருவருக்கு ஆலிஸ், பாப் என்று பெயர் வைத்தார்கள். ஒட்டுக்கேட்பவருக்கு ஈவ் என்ற பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டுக்கேட்டலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தொடக்க ஒலி அது. ஆங்கிலத்தில் ஏவாளின் பெயரும் அதுதான். முதல் பாவத்தைச் சுமந்தவளுக்கே இந்தப் பழியும் வந்து சேர்ந்தது. என் மாணவிகள் அறிந்த ஒட்டுக்கேட்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள்; அதுவும் ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள். மறையாக்கத்தை உடைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. 'போனைக் கொடு' என்று கையை நீட்டினால் போதும்.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்த மூன்று சொற்களுக்கும் வீட்டிலிருந்து உதாரணம் சொல்லுங்கள் என்று அறிமுக வகுப்பிலேயே கேட்பேன். சற்று நேரம் அமைதி. பிறகு ஒருத்தி தொடங்குவாள். அவளுடைய வாட்ஸ்அப் அண்ணனின் கணினியில் இணைக்கப்பட்டிருக்கிறது. வரும் செய்திகளை அவளுக்கு முன் அவன் படித்துவிடுகிறான். இன்னொருத்தியின் போனிலிருந்து, அவள் பெயரில், அவள் நண்பனுக்கு 'இனி பேசாதே' என்று அனுப்பியவர் அவளுடைய மாமா. மூன்றாமவளுக்கு மதிப்பெண் குறைந்ததும் போன் பறிபோனது. ஓடிபி பார்க்க முடியாமல் உதவித்தொகை விண்ணப்பம் பாதியில் நின்றது. மூன்று சொற்களுக்கும் உதாரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இவற்றைத் 'தாக்குதல்' என்று எழுதச் சொன்னால் பேனா தயங்குகிறது. "அப்பாதானே மேடம்" என்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒவ்வொருத்தியும் கேட்டு வளர்ந்த கேள்வி ஒன்று இருக்கிறது: 'நீ தப்பு எதுவும் செய்யலன்னா மறைக்க என்ன இருக்கு?'

இந்தக் கேள்விக்கு எங்கள் துறையிலேயே பதில் உண்டு. 1975இல் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் கணினிப் பாதுகாப்புக்கு எட்டு வடிவமைப்புக் கொள்கைகளை எழுதினார்கள். அவற்றில் ஒன்று: அனுமதி இல்லை என்பதே தொடக்க நிலையாக இருக்க வேண்டும். ஒருவரை ஏன் உள்ளே விட வேண்டும் என்பதற்குத்தான் காரணம் தேவை. ஏன் விடவில்லை என்பதற்கு அல்ல. இன்னொன்று: ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அனுமதியை மட்டுமே தர வேண்டும்.

நம் குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பெண் திறந்தே இருக்க வேண்டும். பூட்டினால் அவள்தான் காரணம் சொல்ல வேண்டும். திருமணம் வரை அப்பாவும் அண்ணனும் பார்த்த போனை அதன்பின் கணவன் பார்க்கிறான். அதே வீட்டில் அண்ணனின் போனும் பூட்டியிருக்கிறது. அவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. மறைப்பதுதான் குற்றம் என்றால் இருவரிடமும் கேட்டிருக்க வேண்டும். ஆகவே, அந்தக் கேள்வி ஒழுக்கத்தைப் பற்றியது அல்ல. வீட்டில் யார் இடம் எது என்பதைப் பற்றியது.

காதலிலும் இதே கணக்குதான். 'என்னை நம்பினால் பாஸ்வேர்டு கொடு' என்கிறவன், தான் அவளை நம்பவில்லை என்பதைத்தான் சொல்கிறான். பார்க்க முடிந்தும் பார்க்காமல் இருப்பதற்குத்தான் நம்பிக்கை என்று பெயர். எல்லாவற்றையும் பார்த்து உறுதி செய்துகொண்டபின் நம்புவதற்கு எதுவும் மிச்சமில்லை.

பெண்ணியர்களுக்கு 'அந்தரங்கம்' என்ற சொல்லின் மேலேயே நெடுநாள் சந்தேகம் உண்டு. 'இது எங்கள் குடும்ப விஷயம்' என்று சொல்லித்தானே அடிஉதைகளை மறைத்தார்கள்? நியாயமான சந்தேகம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பிலும் இந்த விமர்சனம் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டின் அந்தரங்கம் வேறு, வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் அந்தரங்கம் வேறு. முதலாவது சுவரை வீட்டைச் சுற்றி எழுப்புகிறது. இரண்டாவது, அந்தச் சுவருக்குள்ளும் அவளுக்கு ஒரு கதவு வேண்டும் என்கிறது.

'வெளியே ஆபத்து இருக்கிறதே, பெற்றவர்கள் பார்க்க வேண்டாமா?' என்பார்கள். ஆபத்து உண்மைதான். படத்தை வைத்து மிரட்டுகிறவன் என்ன சொல்லி மிரட்டுகிறான் என்று கவனியுங்கள். 'உன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்' என்கிறான். அவன் கையில் இருக்கும் ஆயுதம் படம் மட்டுமல்ல. வீட்டைப் பற்றிய அவளுடைய பயமும்தான். மகள் பயப்படாமல் வந்து சொல்லக்கூடிய வீட்டில் அந்த மிரட்டலுக்குப் பாதி பலம் போய்விடும். கண்காணிப்பு அந்தப் பயத்தைத்தான் நாள்தோறும் வளர்க்கிறது.

இவ்வளவு தெரிந்தும், 'இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்று' என்று ஒரு மாணவியிடம் நான் சொல்வதில்லை. மாற்றியது தெரிந்த இரவில் அடி வாங்கப்போவது அவள். படிப்பே நின்றுபோகவும் கூடும். 'யாரிடமும் பகிராதே' என்ற பாடநூல் அறிவுரை, மறுக்க முடியாத நிலையில் இருப்பவளையே குற்றவாளியாக்கிவிடுகிறது. அதனால் முதலில் கேட்கக் கற்றுத்தருகிறேன்: உன் போனைத் திறக்க யாரால் முடியும்? பூட்டினால் யாருக்குத் தெரியும், அவர் என்ன செய்வார்? அந்த நேரத்தில் உனக்குத் துணை யார்? எப்போது பூட்டுவது, பூட்டுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

செய்முறை வகுப்பில் மறையாக்கமும் தீச்சுவரும் வரும். தேர்வுக்கு அவை வேண்டும். அதற்கு முன் ஒரு மாணவி தன் மனதுக்குள்ளாவது கேள்வியைத் திருப்பிப்போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். மறைக்க என்ன இருக்கிறது என்பதற்கு அவள் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் அல்ல. பார்க்க உங்களுக்கு என்ன தேவை என்பதற்கு, பார்க்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.