உப்பேறிய கிணறுகளும் ஓர் ஆய்வேடும்

பொதுக் கொள்கை, பொது நிர்வாகத் துறைகளில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பலர் நோக்க அறிக்கையை மதிப்பெண்களாலும் சேவை ஆர்வத்தாலும் நிரப்பிவிடுகிறார்கள். எதை ஆராயப் போகிறார்கள் என்பது கடைசிப் பத்தியில் ஒரு வரியாக ஒதுங்கிவிடுகிறது. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது.

தெளிவான ஒரு கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் ஓர் எடுத்துக்காட்டு. அவர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆய்வில் சேர விரும்பினார். போதிய கணிதம் படிக்கவில்லை என்பதால் அந்த வழி அடைபட்டது. பள்ளியில் அவரைத் திரிகோணமிதி படிக்கவிடாமல் தடுத்ததற்குக் காரணமே அவர் பெண் என்பதுதான்! பொருளியலுக்குப் பதிலாக அரசியல் அறிவியல் துறையில் சேர்ந்தார். அந்நகரையொட்டிய கடலோரப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. நீரை எடுத்தவர்களோ நகராட்சிகளும் தனியார் நிறுவனங்களுமாகப் பலர். போட்டியாளர்களான இவர்கள் ஒன்றுகூடி, வழக்காடி, பேசி, விதிகளை வகுத்தது எப்படி? அதுதான் 1965-இல் அவர் முடித்த ஆய்வேட்டின் கேள்வி. பொதுவளங்களை மக்கள் தாமே நிர்வகிப்பது பற்றிய அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி அங்கிருந்தே வளர்ந்தது. 2009-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது; அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

ரேஷன் கடையில் கைரேகை பதியாத முதியவருக்கு அரிசி கொடுக்கலாமா என்று உண்மையில் முடிவு செய்வது யார்? ஆஸ்ட்ரம் கேட்டதைப் போல இப்படியொரு கேள்வியை உங்கள் நோக்க அறிக்கையின் முதல் பத்தியிலேயே வையுங்கள். அதற்கு வழிகாட்டக்கூடிய பேராசிரியர் அந்தத் துறையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.