மூன்றாவது பின்

மூன்று பின் பிளக்கை இரண்டு துளைக்குள் சொருக வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்று எல்லா எலக்ட்ரிகல் கடையிலும் தொங்கும். முப்பதோ நாற்பதோ ரூபாய். அதை நான் வாங்கிவந்த ராத்திரி, எங்கள் பேண்டில் இருந்த மூன்று பேரும் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதற்கு முன்பும் பின்பும் என் இன்ஜினியரிங் படிப்புக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

சென்னையில் ஒரு மொட்டை மாடி ரூம். சுவரெல்லாம் முட்டை அட்டை. நான் பாஸ் கிடார். பாடுகிறவன்தான் கிடாரும் வாசித்தான். அவனுக்கு ஒரே கிடார் இரண்டு ஆம்ப்ளிஃபயரில் வர வேண்டும். இடதுபக்கம் சுத்தமான சத்தம், வலதுபக்கம் கிழிந்த சத்தம். நடுவில் சிக்னலை இரண்டாகப் பிரிக்கிற பெடல். ஒரு ஆம்ப் ரூமிலிருந்த சாக்கெட்டில் சொருகியிருந்தது. இன்னொன்றுக்கு மாடிப்படியிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தோம். இரண்டையும் இணைத்த கணத்தில் ஆரம்பித்தது அந்த 'ம்ம்ம்ம்'.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சங்கீதக் கணக்கில் அது ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் விழுகிறது. எந்தப் பாட்டோடும் சேராது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில். சுருதி பார்த்துக் கரண்ட் தயாரித்த தேசம் எதுவும் இல்லை போலிருக்கிறது.

எல்லா 'ம்ம்ம்'மும் ஒன்றல்ல. கிடாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால், அது சிங்கிள் காயில் பிக்கப் காற்றிலிருந்து வாங்குவது. இரண்டு மடங்கு, அதாவது 100 ஹெர்ட்ஸில் உறுமினால், ஆம்ப்புக்குள் ஃபில்டர் கெப்பாசிட்டர் கிழவனாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். எங்களுடையது இரண்டும் இல்லை. எந்த ஆம்ப்பைத் தனியாக இணைத்தாலும் அமைதி. இரண்டையும் இணைத்தால் மட்டும் ரீங்காரம். அப்படியென்றால் அது கிரவுண்ட் லூப்.

கிடார் கேபிளின் வெளிச்சுற்றில் பின்னல் கம்பி ஒன்று ஓடும். அது ஆம்ப்பின் உலோக உடம்போடு சேரும். அந்த உடம்பு மூன்றாவது பின் வழியாக எர்த்தோடு சேரும். இரண்டு ஆம்ப் என்றால் எர்த்துக்கு இரண்டு வழி. பெடல் அந்த இரண்டு வழிகளையும் மேலே இணைக்கிறது, சுவருக்குள் ஓடும் எர்த் ஒயர் கீழே இணைக்கிறது. இப்போது ரூம் அளவுக்கு ஒரு வளையம் தயார். சுற்றியிருக்கிற டிரான்ஸ்ஃபார்மர்களின் காந்தப்புலம் அதற்குள் கொஞ்சம் கரண்ட்டைத் தூண்டும். இரண்டு சாக்கெட்டின் எர்த்துக்கும் நடுவே மெல்லிய வோல்டேஜ் வித்தியாசமும் இருக்கும். சில மில்லிவோல்ட்தான். ஆனால் கிடாரிலிருந்து வருவதே மில்லிவோல்ட் கணக்குதான். ஆம்ப்புக்கு எது பாட்டு, எது அழுக்கு என்று தெரியாது. வந்ததைப் பெருக்கிக் கொடுக்கும்.

எனக்கு இது புரிய வெகுநாள் ஆனது: கிரவுண்ட் லூப்பில் பழுது என்று எதுவுமே இல்லை. இரண்டு எர்த்தும் ஒழுங்காக வேலை செய்வதால்தான் அந்தச் சத்தம். இரண்டு பக்கமும் பாதுகாப்பு இருப்பதன் இரைச்சல் அது.

நான் அதில் ஒரு பக்கத்தை வெட்டினேன். வலதுபக்க ஆம்ப்புக்கு அடாப்டர். வளையம் உடைந்தது, சத்தம் நின்றது.

தெரியாமல் செய்யவில்லை. எர்த்திங் எனக்குப் பாடமாகவே இருந்தது. குழி தோண்டி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அந்தப் படத்தைப் பரிட்சையில் வரைந்து மார்க் வாங்கியவன் நான். நம் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம் என்றும் தெரியும். சொருகும்போது அதுதான் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது அதுதான் கடைசியாக விடுபட வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி போட முதல் ஆளாக வந்து பாத்திரம் எண்ணிக்கொடுத்துக் கடைசி ஆளாகப் போகிற மாமாவைப் போல. அவர் வந்தாரா என்று யாரும் கவனிப்பதில்லை.

மனசுக்குள் ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். 'எர்த்தை எடுத்தால் என்ன, கேபிளின் பின்னல் வழியாக அடுத்த ஆம்ப்பின் எர்த் கிடைக்கிறதே.' அது உண்மைதான், இரண்டு ஆம்ப்பும் இணைந்திருக்கும் வரை. அப்போதும்கூட, பெரிய கரண்ட்டைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல அந்த மெல்லிய பின்னல்.

பாடுகிறவன் தனியாகவும் வந்து பிராக்டிஸ் செய்வான். தனியாக என்றால் பெடல் வேண்டாம், நேராக வலதுபக்க ஆம்ப். ஒருநாள் சொன்னான், "மச்சி, நேத்து பாடுறப்ப மைக்ல உதடு பட்டுச்சு, சுள்ளுன்னுச்சுடா."

அந்த ஒரு விநாடி எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அந்த விநாடியை என்னால் தனியாக எடுத்துப் பார்க்க முடிகிறது. அடாப்டர் மனசில் வந்து போனது. நான் சொன்னது: "மைக்குக்கு உன்மேல ஒரு இதுடா." எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த வாரம் மைக்குக்கு மஞ்சள் ஸ்பாஞ்ச் தொப்பி ஒன்று வாங்கி வந்தான். அதற்கும் ஓட்டினோம், பெரிய சிங்கர் ஆயிட்டாரு என்று.

இரண்டு மாதம் கழித்து, ஹவுஸ் ஓனரின் தண்ணி மோட்டாரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அந்த ஒரு ஆம்ப் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடாப்டரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையைக் கிடார் கம்பியில் வைத்தார், இன்னொன்றை மைக்கின் வலையில். தொண்ணூற்றிச் சொச்சம் வோல்ட்.

"எர்த்த யாரு எடுத்தது தம்பி?"

"ஹம் வந்துச்சுண்ணே."

"சத்தம் வந்தா சத்தத்தப் பாக்கணும். எர்த்து உன்ன என்ன பண்ணுச்சு?"

பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார்: இது கசிவுக் கரண்ட், மீட்டர் பெரிதாகக் காட்டும், ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் போய் ஒரு ஒயர் பாடியைத் தொட்டால் இதே கம்பியில் இருநூற்று முப்பது நிற்கும். எர்த் இருந்தால் அந்த நிமிஷமே ஃபியூஸ் போகும். இல்லையென்றால் எதுவும் போகாது. "அப்பவும் உங்க பொட்டி நல்லாத்தான் பாடும்."

கிடார் வாசிக்கிறவனின் விரல் ஒரு எர்த்தில், பாடுகிற உதடு இன்னொரு எர்த்தில். இரண்டுக்கும் நடுவில் அவன் உடம்பு. 1972 மே 3 அன்று, வேல்ஸில் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 27. எர்த் சரியில்லை. 1976 மே மாதம், யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், வீட்டில் கிடாரோடு இருந்தபோது இறந்தார். வயது 33. அங்கேயும் எர்த் சரியில்லை.

சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆனது. இரண்டு ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் பக்கத்து பக்கத்தில் சொருகியதும் வளையம் சுருங்கி முக்கால்வாசி சத்தம் போய்விட்டது. மிச்சத்துக்கு, ஒரு வெளியீட்டில் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்ப்ளிட்டர் வாங்கினேன். அதில் சிக்னல் காந்தத்தின் வழியாகத் தாண்டிப் போகும், கம்பி தொடாது. அறுபட வேண்டியது சிக்னல் பக்கத்து எர்த். கரண்ட் பக்கத்து எர்த் அல்ல. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில்தான் பாதி வினை. பையன்களிடம், "புது பாக்ஸ் போட்டிருக்கேன், சவுண்ட் நல்லா இருக்கும்" என்று சொன்னேன். அடாப்டரைப் பற்றிப் பேசவில்லை.

நடக்காத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா? பல வருஷம் இந்தக் கேள்வியைச் சுற்றிவந்தேன். 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அற அதிர்ஷ்டம் என்பதைப் பற்றி எதிரெதிரே கட்டுரை வாசித்தார்கள். நேகலின் உதாரணத்தில், பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட ஒரு லாரி டிரைவர் வருகிறான். குறுக்கே குழந்தை ஓடிவந்தால் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. வராவிட்டால் அவனுக்கே நினைவிருக்காது. அலட்சியம் இரண்டிலும் ஒரே அளவுதான். வித்தியாசம் குழந்தை வந்ததா என்பதில் மட்டும், அது அவன் கையில் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். என் தெருவில் குழந்தை வரவில்லை. நாம் எல்லோருமே ஏதோ ஒரு பிரேக்கைப் பார்க்காமல் ஓட்டுகிறவர்கள்தானே. ஆபீஸில் நடுராத்திரி வருகிற அலெர்ட்டை ம்யூட் செய்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதில் பாதி வெறும் இரைச்சல்தான், எல்லா மணியோசைக்கும் எழுந்தால் மனுஷன் வாழ முடியாது. இப்படியே போனது வாதம்.

ஆனால் அந்த உதாரணத்தில் ஒரு ஆள் குறைகிறான் என்று சமீபத்தில்தான் பட்டது. நேகலின் லாரியில் பக்கத்து சீட் காலி. 'அண்ணே, பிரேக் வழுக்குதுண்ணே' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. என் லாரியில் ஒருவன் இருந்தான், சொன்னான். நான் அதை ஜோக்காக்கினேன்.

போன மாதம் போன் செய்தேன். அவன் இப்போது டப்ளினில், ஒரு பெண்குழந்தைக்கு அப்பா, கிடாரைத் தொட்டே நாளாகிறதாம். எல்லாவற்றையும் சொன்னேன். அடாப்டர், அந்த ஒரு விநாடி, மீட்டர் காட்டிய எண். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப அது நெசமாவே கரண்ட்டாடா?"

"ஆமாடா."

"அடப்பாவி. நான் என் பல்லுதான்னு நெனச்சேன். வெள்ளி அடைச்சிருந்தேன்ல, அதான் மைக்குல படுறப்ப சுள்ளுங்குதுன்னு. டென்டிஸ்ட்கிட்ட போய் ரெண்டையும் நோண்டி எடுத்து வேற வெச்சேன்டா. அப்பவும் நிக்கல. அப்புறந்தான் அந்த ஸ்பாஞ்ச் வாங்கினேன்."