அப்பாயி ஊற்றிய தண்ணீர்

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, அப்பாயி ஒரு மெழுகுவர்த்தியைக் கூடுதலாக வாங்குவார். தாத்தா கல்லறையில் ஏற்றி முடித்ததும் மிச்சம் இருக்கும் அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, தோட்டத்துக் கல்லறை வேலியைத் தாண்டி, செம்பனை மரங்களுக்குள் போவார். யாருமில்லாத ஆத்துமாக்களுக்காக ஏற்றுகிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பத்தொன்பது வயதில், யுனிவர்சிட்டியிலிருந்து லீவில் வந்திருந்தபோதுதான், "யாருக்கு அப்பாயி அது?" என்று கேட்டேன்.

"ஒங்கப்பனுக்கு மூத்தவன்" என்றார்.

1961. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வீட்டில் ராத்திரி பிரசவம். மருத்துவச்சி பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்துவிட்டு, மூச்சு இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்பாயி தண்ணீர் கேட்டிருக்கிறார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொம்பில் கொடுத்திருக்கிறார்கள். படுத்த நிலையிலேயே பிள்ளையின் தலையில் மூன்று முறை ஊற்றி, பிதா, சுதன் என்று தொடங்கும் அந்த வார்த்தைகளைச் சொல்லி, அந்தோணி என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உயிர் இருக்க வேண்டும். மறுநாள் காலையில் உபதேசியார் வந்து கேட்டது அதைத்தான். ஊத்துனப்ப உசுரு இருந்துச்சா?

"தெரியலன்னு சொன்னேன்" என்றார் அப்பாயி. கொஞ்ச நேரம் கழித்து, "தெரியும். இருந்தாலும் தெரியலன்னுதான் சொன்னேன்."

அந்தப் பதில் போதவில்லை. மந்திரிக்கப்பட்ட நிலத்தில் இடம் கிடையாது என்றாகி, வேலிக்கு வெளியே ஒரு பால் மரத்தடியில் புதைத்தார்கள். உபதேசியாரைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமில்லை. அன்று அமலில் இருந்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. குழி தோண்ட அவரும் கை கொடுத்தாராம். மாதம் ஒரு முறை பூசைக்கு வரும் சாமியாரிடம் அப்பாயி தனியாகப் போய்ப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். லிம்போவில் இருக்கிறது, அங்கே வேதனை ஒன்றும் கிடையாது, ஆனால் கடவுளைப் பார்க்க முடியாது என்று அவர் பொறுமையாகவே விளக்கியிருக்கிறார்.

அப்பாயி மூன்றாம் வகுப்போடு நின்றவர். சாமியாரை எதிர்த்துப் பேசுகிற பழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. "சரிங்க சாமின்னு வந்துட்டேன். மரம் வெட்டிக்கிட்டே யோசிச்சேன். பெரட்டுல பேரு கூப்பிடறப்ப ஆளு இல்லன்னா, கிராணி அன்னைக்குச் சம்பளம் இல்லன்னு எழுதிடுவான். அவன் வேலை அது. கடவுள் என்னா கிராணியா?"

சாமியார் சொன்னதை மறுக்க அவருக்கு இது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை, அதனால் தேடிப் படித்தேன்.

இதன் வேர் அகுஸ்தினாரிடம் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸோடு நடந்த விவாதத்தில் அவர் ஒரு கணக்குப் போடுகிறார். எல்லா மனிதர்களும் ஆதாமின் பாவத்தோடு பிறக்கிறார்கள். அதைக் கழுவுவது ஞானஸ்நானம். ஆகவே ஞானஸ்நானம் பெறாத சிசுவும் மீட்புக்கு வெளியில்தான். அதற்குக் கிடைப்பது மிக மிக லேசான தண்டனை என்று சேர்த்துக்கொள்கிறார். அந்த 'மிக மிக லேசான' என்ற சொற்களை வாசிக்கும்போது, தன் கணக்கின் விடையைப் பார்த்து அவரே கொஞ்சம் தயங்கினாரோ என்று எனக்குத் தோன்றும். இடைக்கால இறையியலாளர்கள் அந்தத் தண்டனையையும் எடுத்துவிட்டு, வலியில்லாத ஓர் ஓரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் லிம்போ. திருச்சபை அதை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் அது தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வேலி.

இன்னொன்றைப் படித்தபோதுதான் ஆடிப்போனேன். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ஓபர்பியூரன் என்று ஓர் இடம். 15-ஆம் நூற்றாண்டில் அங்கே மாதாவின் திருத்தலம் ஒன்று இருந்தது. செத்துப் பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அங்கே வருவார்கள். கனலுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவில் சடலத்தைச் சூடுபடுத்தி, உதட்டில் ஓர் இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஞானஸ்நானம் கொடுத்து, மந்திரித்த நிலத்தில் புதைத்துவிடுவார்கள். சூடான காற்றில் இறகு அசையாமல் என்ன செய்யும்? ஆயர் இது மூடநம்பிக்கை என்று ரோமுக்குப் புகார் அனுப்பினார். பிறகு 1528-இல் அங்கே சீர்திருத்தம் வந்தது, திருத்தலமும் போயிற்று. 1990-களில் அகழாய்வு செய்தபோது அந்த இடத்தில் சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. பிரான்சிலும் இப்படித் தலங்கள் இருந்திருக்கின்றன. அயர்லாந்தில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை வேலியோரத்திலும் கைவிடப்பட்ட இடங்களிலும் புதைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் வந்திருக்கிறது.

அந்த இறகும் அப்பாயியின் "தெரியல"யும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. யாரும் சட்டத்தை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. சட்டத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை தேடியிருக்கிறார்கள். ஆனால் அப்பாயி அதோடு நிற்கவில்லை. ஓட்டை அடைபட்டதும், சட்டத்தின் பின்னால் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டுவிட்டார். அப்படிக் கேட்டதால்தான் அதை இறையியல் என்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு தொழில்முறைச் சங்கடம் உண்டு. நான் சிவில் இன்ஜினியர். வடிகால் கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும் என்று கணக்கு சொன்னால், விடையை யாரும் நம்ப மாட்டோம். உள்ளீட்டில் எங்கேயோ தப்பு என்று திரும்பிப் போய்த் தேடுவோம். அப்பாயியும் அதைத்தான் செய்தார் என்று ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டேன். விடை சகிக்க முடியாதது, ஆகவே எங்கோ எடுகோள் தவறு.

ஆனால் இதே தொழிலில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். கால்வாய் பெரிதாக வருகிறது, செலவு அதிகம் என்பதற்காக, பிடித்த விடை வரும்வரைக்கும் உள்ளீட்டு எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருவன் திரும்பிப் போய்த் தேடுகிறான், இன்னொருவனும் திரும்பிப் போய் மாற்றுகிறான். 'என் கடவுள் அப்படிச் செய்யமாட்டார்' என்பது இதில் எந்த வகை? எனக்கு வேண்டிய மாதிரி ஒரு கடவுளைச் செய்துகொள்வதற்குப் பெயர் விசுவாசமா?

சாதாரண ஜனங்களின் கேள்வி என்றாலே அது விடுதலைக்கான கேள்வி என்று நம்மைப் போன்ற வாசகர்கள் சட்டென்று முடிவு செய்துவிடுகிறோம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துத் திருக்குடும்பக் கோவிலை நினைத்துப் பாருங்கள். 1872-இல் கட்டியது. பீடம் ஒன்று, அங்கிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் இரண்டு கூடம். ஒரு சாதி இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம். 1910-இல் கௌசானல் என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு அந்தப் பிரிவினையை அகற்றினார். உடனே பொதுநிலையினர் கேள்வி கேட்டார்கள். மாமூலை மாற்ற இவர் யார் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றது. அங்கேயும் படிநிலை அதிகாரத்தை எதிர்த்தவர்கள் சாதாரணக் கிறிஸ்தவர்கள்தான். அவர்கள் கேட்டது வேலியை எடுக்க அல்ல, வைக்க.

அப்பாயியை அவர்களிடமிருந்து எப்படிப் பிரிப்பது? வேலியை எடுப்பவர் நல்லவர், வைப்பவர் கெட்டவர் என்றால் வேலை சுலபம். ஆனால் அது என் அரசியலை அவர் வாயில் வைப்பது. நான் யோசித்த வரைக்கும் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வடக்கன்குளத்துக்காரர்கள் காட்டிய ஆதாரம் 'எப்போதும் இப்படித்தான் இருந்தது' என்பது. கடவுளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அப்பாயி காட்டிய ஆதாரம் அவருக்குத் திருச்சபையே சொல்லிக் கொடுத்த ஒன்று. கடவுளைத் தகப்பன் என்று கூப்பிட ஏழு வயதில் அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் இதே உபதேசியார்கள். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கொடுத்த வார்த்தையை அர்த்தத்தோடு எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நானும் ஒரு தாய், தகப்பன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றார். கணக்கு மேசையில் உட்கார்ந்திருப்பவனிடம், "இங்க ஒவ்வொரு மழைக்கும் தண்ணி நிக்குது தம்பி" என்று வந்து சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரை மாதிரி. அவர் எண்ணை மாற்றவில்லை. கணக்கில் சேர்க்கப்படாத ஓர் எண்ணைக் கொண்டுவருகிறார்.

இது முழு பதில் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நண்பனிடம் சொன்னபோது, "துக்கத்தில் இருப்பவர் கொண்டுவரும் எண்ணை எப்படிடா நம்புவது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. துக்கத்தில் இல்லாதவர்கள் போட்ட கணக்கை 1,500 வருஷம் நம்பினோமே என்றுதான் அப்போதைக்குச் சொல்ல முடிந்தது.

1859-இல் கார்டினலாகும் முன்பே நியூமன் ஒரு கட்டுரை எழுதினார். நான்காம் நூற்றாண்டில் ஆயர்கள் பலர் தடுமாறியபோது விசுவாசத்தைக் காப்பாற்றியது பொதுநிலையினர்தான், ஆகவே கோட்பாட்டு விஷயங்களில் அவர்களையும் கேட்க வேண்டும் என்றார். அதற்காக அவர்மேல் ரோமுக்குப் புகார் போனது. அப்பாயியை யாரும் கேட்கவில்லை, அவர்மேல் புகாரும் போகவில்லை.

2007-இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை வைக்க வலுவான காரணங்கள் உண்டு என்கிறது. உறுதி என்று சொல்லவில்லை, நம்பிக்கை என்றுதான் சொல்கிறது. லிம்போவை ஒரு கருத்தாக வைத்துக்கொள்ளவும் இடம் விடுகிறது. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்தையும் குற்ற உணர்வையும் அந்த அறிக்கையே குறிப்பிடுகிறது. அப்பாயியின் எண் கணக்குக்குள் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே துள்ளல். போனில் வாசித்துத் தமிழில் விளக்கினேன்.

"இப்பத்தான் சொல்றாங்களா?" என்றார்.

"ஆமா அப்பாயி. சந்தோஷம்தானே?"

"அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பட்டாணி உரிக்கப் போய்விட்டார்.

அப்பாயி 2019-இல் தவறினார். வேலிக்கு உள்ளே, தாத்தாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். எனக்கு இப்போது எவ்வளவு விசுவாசம் மிச்சம் என்று கேட்டால், நேராகப் பதில் சொல்ல வராது. பூசைக்குப் போவது குறைந்துவிட்டது. அப்பா ஞாயிறு தவறாதவர், கோவில் கமிட்டியிலும் இருக்கிறார். அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

போன வருஷம் நவம்பர் 2, மழை வரும்போல இருந்தது. இரண்டு கல்லறைக்கும் ஏற்றியபின் என் கையில் ஒன்று இருந்தது. வேலிக்கு அப்பால் பழைய செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு செய்திருந்தார்கள். எந்த இடம் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. காற்று கொஞ்சம் குறைவாக இருந்த இடமாகப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்தேன். மூன்று முறை அணைந்தது.

"என்னடா பண்ற அங்க?" வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா.

"பெரியப்பாவுக்குப்பா."

அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு வர ஐந்து நிமிஷம் ஆகும், வந்தார். வந்து காற்று வந்த பக்கமாக நின்றுகொண்டார்.